தினையளவுச் சமரசங்கள்

கொலை செய்யும் நெருக்கடியோ, கோடிகளைச் சுருட்டும் வாய்ப்போ நம்மில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட வருவதில்லை. ஆனால், செய்யாத பரிசோதனையைச் செய்ததாகப் பதிவேட்டில் குறிப்பதும், வராத தொழிலாளியை வந்ததாகக் காட்டுவதும், பத்திரத்தில் நிலத்தின் விலையைக் குறைத்து எழுதுவதும், 'இது ஊர் வழக்கம்தானே' என்று மேசைக்கு அடியில் ஓர் உறையை நகர்த்துவதும் அநேகமாக நாள்தோறும் நம் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றன. ஒரு மனிதரின் நேர்மை இந்தச் சிறிய இடங்களில்தான் பெரும்பாலும் தீர்மானமாகிறது.

திருவள்ளூர் மாவட்டத்தில், திருவாலங்காட்டை அடுத்துள்ள பழையனூருக்கு இது குறித்துச் சொல்ல ஒரு பழங்கதை உண்டு. நீலி என்னும் பேய் மனைவி வேடத்தில் ஒரு வணிகனைப் பின்தொடர்ந்து வருகிறது. அவன் பழையனூர் வேளாளர் எழுபது பேரிடம் அடைக்கலம் கேட்கிறான். அவளைக் கண்டு இரங்கிய அவர்கள், 'உனக்குத் தீங்கு நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் தருவோம்' என்று வாக்களித்து, அவனை அவளுடன் தங்க வைக்கின்றனர். தற்காப்புக்காக அவன் வைத்திருந்த வாளையும் வாங்கிக்கொள்கின்றனர். விடிந்தபோது வணிகன் உயிருடன் இல்லை. எழுபது பேரும் தீயில் இறங்கி வாக்கைக் காத்தனர் என்பது மரபு. திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இக்கதையின் குறிப்பு இருப்பதால், இதன் பழைமை 1,300 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

உயிரை மாய்த்துக்கொள்வதை இன்று எவரும் அறமென்று போற்ற வேண்டியதில்லை. இக்கதையில் என் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. அந்த எழுபது பேருக்கும் தப்பிக்க ஆயிரம் காரணங்கள் இருந்தன. 'ஏமாற்றியவள் அவள், நாங்கள் என்ன செய்வோம்?' என்று சொல்லியிருந்தால் எந்த மன்றமும் தண்டித்திருக்காது. அந்தக் காரணத்தைச் சொல்ல அவர்கள் மறுத்தார்கள் என்பதையே இப்பகுதி மக்கள் இத்தனை நூற்றாண்டுகளாக நினைவில் வைத்திருக்கிறார்கள். காரணம் சொல்லும் கலையில் நாம் தேர்ந்துவிட்ட காலத்தில் இது யோசிக்க வேண்டிய செய்தி.

கிறிஸ்தவ நம்பிக்கையில் வளர்ந்தவன் என்ற முறையில், அந்தச் சமயத்தின் அன்றாட வாழ்வை முன்வைத்து இக்கேள்வியை இங்கே ஆராய விரும்புகிறேன். சிறிய சமரசம் ஏன் சிறியதாக நின்றுவிடுவதில்லை?

அன்பும் தராசும்

பிறரைத் தன்னைப்போல் நேசிக்க வேண்டும் என்ற கட்டளை கிறிஸ்தவர் அனைவருக்கும் மனப்பாடம். அது பழைய ஏற்பாட்டின் லேவியராகமம் 19-ஆவது அதிகாரத்தில் இருக்கிறது. அதே அதிகாரத்தில், கூலியாளின் கூலியை விடியும்வரைகூட நிறுத்திவைக்கக் கூடாது என்ற கட்டளையும், அளவிலும் நிறையிலும் ஏமாற்றக் கூடாது என்ற கட்டளையும் இருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அன்பைச் சொன்ன இடத்திலேயே தராசையும் படிக்கல்லையும் சொல்லியிருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. எடை குறைந்தால் அங்கே அன்பும் குறைந்துவிட்டது என்பதே அதன் உட்பொருள். கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 750 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆமோஸ் என்னும் இறைவாக்கினர், மரக்காலைச் சிறிதாக்கி, படிக்கல்லைப் பெரிதாக்கி ஏழைகளை வஞ்சித்த தானிய வணிகர்களைக் கடிந்துரைத்தார். அந்த வணிகர்கள் ஓய்வுநாளைத் தவறாமல் கடைப்பிடித்தவர்கள். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று காத்திருந்தவர்கள்.

இயேசுவின் போதனையும் இதே வழியில் செல்கிறது. சிறியதில் நம்பிக்கைக்கு உரியவரே பெரியதிலும் நம்பத்தக்கவர் என்றார் அவர். ஆணையிட்டுச் சத்தியம் செய்வதே தேவைப்படாத அளவுக்கு, ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று பேச்சு இருக்க வேண்டும் என்றார். புனித பவுல் இதைச் சமையலறை உவமையாகவே சொன்னார்: சிறிதளவு புளித்த மாவு பிசைந்த மாவு முழுவதையும் புளிக்க வைத்துவிடும். இட்லி மாவுக்கு முந்திய நாள் மாவில் ஒரு கரண்டி கலக்கும் நம் வீடுகளுக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை.

கத்தோலிக்கத் திருச்சபை பாவங்களைச் சாவான பாவம், அற்பப் பாவம் என இரு வகையாகப் பிரிக்கிறது. இப்பிரிவு பலருக்கு ஒரு வசதியாகிவிட்டது. 'அற்பம்தானே' என்ற சொல்லே ஆறுதலாகிறது. ஆனால், 13-ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ், அற்பப் பாவம் மனிதரைச் சாவான பாவத்துக்குப் பழக்கி ஆயத்தம் செய்கிறது என்று எச்சரித்தார். சீர்திருத்தத் திருச்சபைகளோ இத்தகைய பிரிவைப் பொதுவாக வலியுறுத்துவதில்லை. இறைவன்முன் எல்லாப் பாவமும் பாவமே என்பர். அங்கும் ஒரு வசதி பிறந்துவிடுகிறது: 'எல்லோரும் பாவிகள்தானே, நான் மட்டும் என்ன?' ஆக, இரு மரபுகளிலும் போதனை கடுமையாகவே இருக்கிறது. அதிலிருந்து நழுவும் வாசலை நாமே அமைத்துக்கொள்கிறோம்.

இது கிறிஸ்தவர்க்கு மட்டும் உரிய ஞானமன்று. பழிக்கு அஞ்சுவோர் தினையளவு குற்றத்தையும் பனையளவாகக் கருதுவர் என்றார் வள்ளுவர். குன்றுபோல் உயர்ந்தவரும் குன்றிமணி அளவு தாழ்ந்த செயலால் தாழ்ந்துபோவர் என்பதும் அவர் வாக்கே.

விலைக்கு வாங்கிய சான்றிதழ்

கிறிஸ்தவ வரலாற்றில் சிறிய சமரசம் குறித்த முதல் பெரும் விவாதம், வியப்பளிக்கும் வகையில், ஒரு சான்றிதழைப் பற்றியது. கி.பி. 250-இல் உரோமைப் பேரரசர் டேசியஸ், குடிமக்கள் அனைவரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டார். பலியிட்டவர்க்கு அதிகாரிகள் ஒரு சான்று வழங்கினர். எகிப்தின் மணலில் கிடைத்த பாப்பிரஸ் சுவடிகளில் இத்தகைய சான்றுகள் நாற்பதுக்கும் மேல் கிடைத்துள்ளன.

கிறிஸ்தவர்களில் சிலர் மறுத்து மாண்டனர். சிலர் அஞ்சிப் பலியிட்டனர். மூன்றாவதாக ஒரு கூட்டம் இருந்தது. அவர்கள் பலியிடவில்லை, ஆனால், அதிகாரிக்குப் பணம் கொடுத்து, பலியிட்டதாகச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டனர். 'நாங்கள் விசுவாசத்தை மறுதலிக்கவில்லையே. ஒரு தாள்தானே' என்பது அவர்கள் வாதம். கார்த்தேஜ் நகரின் ஆயர் சிப்ரியான் இதை ஏற்கவில்லை. செய்யாததைச் செய்ததாக ஒப்புக்கொள்வதும் ஒருவகை மறுதலிப்பே என்றார். அதேவேளையில், 251-இல் கூடிய கார்த்தேஜ் மன்றம், பலியிட்டவரையும் தாள் வாங்கியவரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. பின்னவர்க்கு மனந்திரும்பும் வழி எளிதாக்கப்பட்டது. பிழையின் அளவைப் பகுத்துப் பார்த்தார்கள். ஆனால், பிழையே இல்லை என்று சொல்ல மறுத்துவிட்டார்கள். இந்த நிதானத்தைத்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என நான் நினைக்கிறேன்.

பொய்ச் சான்று வாங்குவதற்கு இன்று எந்தப் பேரரசரின் வாளும் நம் கழுத்தில் இல்லை. மருத்துவ விடுப்புக்கு ஒரு சான்று, அனுபவத்துக்கு ஒரு சான்று, வருமானத்துக்கு ஒரு சான்று என வசதிக்காகவே வாங்குகிறோம். உயிருக்கு அஞ்சி வாங்கியவரையே திருச்சபை தவம் செய்யச் சொன்னது என்பதை மறந்துவிடுகிறோம்.

பாயில் தொடங்கிச் சுவரில் முடிந்தது

சிறிய சமரசம் எவ்வாறு கல்லும் சுண்ணாம்புமாக இறுகிவிடும் என்பதற்குத் தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றிலேயே வேதனையான சான்று இருக்கிறது. 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். 1718-இல் அங்கே புதிய எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டது. அந்த மிஷனைச் சேர்ந்த ஆலயங்களில், சாதிக்கு ஏற்பத் தனித்தனி இடங்களில் அமரும் வழக்கம் இடம்பெற்றது. 'இது வெறும் சமூக வழக்கம்; விசுவாசத்தைத் தொடாது; காலப்போக்கில் மறைந்துவிடும்' என்று அதற்குச் சமாதானம் சொல்லப்பட்டது. அன்று அது சிறிய விட்டுக்கொடுத்தலாகவே தோன்றியிருக்கும்.

அது மறையவில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்தபின், 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், ஆலயங்களில் சாதி வேறுபாட்டை உடனடியாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் ஆலயத்தைவிட்டே வெளியேறினர். சமூக வழக்கம் என்று சொல்லப்பட்ட ஒன்றுக்காக வழிபாட்டையே துறக்கத் துணிந்தனர் எனில், அது எப்போது விசுவாசத்தைவிடப் பெரிதானது? அந்த நாளை எவராலும் குறிப்பிட்டுச் சொல்ல முடியாது. சமரசத்தின் இயல்பே அதுதான். அது எல்லையைத் தாண்டும்போது மணி ஒலிப்பதில்லை.

கத்தோலிக்கர் தரப்பிலும் இதே கதை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயம், கால்சட்டையின் இரு கால்களைப் போல, ஒரே பீடத்தை நோக்கிய இரு பகுதிகளாகக் கட்டப்பட்டது. ஒரு சாதியார் மற்றவரைப் பாராமலே ஒரே திருப்பலியில் பங்குகொள்ள அது வழிசெய்தது. பிரித்துநின்ற சுவர் 1910-இல் இடிக்கப்பட்டபோது விவகாரம் நீதிமன்றப் படியேறியது. திருச்சி மேலப்புதூரில் கல்லறைகளுக்கு இடையிலேயே சுவர் நின்றது. 2008 மார்ச் மாதம் விழுப்புரம் பகுதியின் எறையூரில், ஒரே விசுவாசத்தைச் சேர்ந்தவர்களுக்கு இடையே சாதிப் பூசல் மூண்டு, காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தனர். யார் எங்கே அமர்வது என்ற சில முழ இடைவெளியில் தொடங்கிய சமரசம், கல்லறைச் சுவர்வரை நீண்டது.

இயந்திரத்தின் அருகே

இனி நம் காலத்துக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையும் காக்களூர்த் தொழிற்பேட்டையும் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. அங்கே பணிபுரிவோரில் எல்லாச் சமயத்தவரும் உண்டு. ஞாயிறன்று ஆலயத்தில் முழந்தாளிடும் மேற்பார்வையாளரும், திங்களன்று இயந்திரத்தருகே பதிவேட்டுடன் நிற்பவரும் ஒருவரே. எந்தத் தொழிற்பேட்டையிலும் அவர்முன் வரக்கூடிய சோதனைகள் ஏறக்குறைய ஒன்றே. மிகைநேர வேலைக்கு இருமடங்குக் கூலி என்பது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தொட்டு வரும் விதி. ஒப்பந்தத் தொழிலாளி 12 மணி நேரம் உழைத்திருக்க, பதிவேட்டில் 8 என்று எழுதினால் போதும். விதி காகிதத்தில் பிழைத்துக்கொள்ளும். உற்பத்தி வேகத்துக்காக அழுத்து இயந்திரத்தின் பாதுகாப்புத் தடுப்பைச் 'சற்று நேரம்' கழற்றிவைத்தால் போதும். அன்றைய இலக்கு எட்டப்பட்டுவிடும். தொண்ணூற்றொன்பது நாள்கள் எதுவும் நேராது. நூறாவது நாள் ஒரு வடமாநில இளைஞனின் விரல்கள் போகும்.

தொண்ணூற்றொன்பது நாள்கள் எதுவும் நேராததுதான் இதில் பெரிய ஆபத்து. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறி எழுவர் மாண்டனர். அதை ஆராய்ந்த சமூகவியலாளர் டயான் வாகன், 1996-இல் வெளியிட்ட நூலில் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். இணைப்பு வளையங்கள் அரிக்கப்படுவது முந்தைய பயணங்களிலேயே தெரிந்திருந்தது. ஒவ்வொரு முறையும் விபத்து நேராததால், அந்தக் குறை ஏற்கத்தக்க ஒன்றாகக் கருதப்பட்டது. விலகல் மெல்ல மெல்ல இயல்பாகிவிட்டது. அங்கே இருந்தவர்கள் தீயவர்கள் அல்லர், பழகிப்போனவர்கள். மனச்சான்றும் இப்படித்தான் இயங்குகிறது. முதல் பொய்க் கையொப்பத்தின்போது கை நடுங்கும். பத்தாவதில் நடுக்கம் நிற்கும். நூறாவதில், மறுப்பவரைப் பார்த்து 'பிழைக்கத் தெரியாதவர்' என்று சிரிக்கத் தோன்றும்.

திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கற்சூளைகளில் இருந்து கொத்தடிமைத் தொழிலாளர்கள் மீட்கப்பட்ட செய்திகளைப் பலமுறை படித்திருக்கிறோம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. ஆயினும், அடிமைத்தனம் எவருடைய வாழ்விலும் சங்கிலியுடன் வருவதில்லை. முன்பணம் என்ற பெயரில், உதவி என்ற தோற்றத்தில் வருகிறது. பிறகு கணக்கு முடியவில்லை என்பார்கள். அதற்குள் ஊருக்குப் போகாதே என்பார்கள். குழந்தைகளும் கல் அடுக்கட்டும் என்பார்கள். ஒவ்வோர் அடியும் முந்தைய அடியைவிடச் சற்றே பெரிது, அவ்வளவுதான்.

யாருடைய சமரசம்?

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். வேலை போய்விடும் என்று அஞ்சிப் பொய்ப் பதிவேட்டில் கைரேகை வைக்கும் தொழிலாளியையும், அதை வைக்கச் சொன்னவரையும் ஒன்றாகப் பழிப்பதா? கூடாது. வேதாகமமே அவ்வாறு செய்யவில்லை. எகிப்து மன்னன் பார்வோன் ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்னபோது, எபிரேய மருத்துவச்சிகள் உண்மையை மறைத்துப் பேசிக் குழந்தைகளைக் காத்தனர். இறைவன் அவர்களுக்கு நன்மை செய்தார் என்றே யாத்திராகமம் சொல்கிறது. எளியவர் உயிர்பிழைக்க வளைவது வேறு. வலியவர் இலாபத்துக்காக வளைப்பது வேறு. ஒரு சமரசத்தின் விலையை யார் செலுத்துகிறார்கள் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பெரும்பாலும் அதைச் செய்பவர் ஒருவர். விலை கொடுப்பவர் வேறொருவர்.

மற்றொரு மறுப்பும் உண்டு. இப்படி ஒவ்வொன்றையும் எடைபோட்டால் மனிதர் நிம்மதியாக வாழ முடியுமா? நுணுக்கப் பித்து நல்லதன்று. கொசுவை வடிகட்டிவிட்டு ஒட்டகத்தை விழுங்குவோரை இயேசுவே எள்ளி நகையாடினார். சிறிய சடங்குப் பிழைகளுக்கு அஞ்சிக்கொண்டு, நீதியையும் இரக்கத்தையும் கைவிட்டவர்களை நோக்கிய ஏளனம் அது. சினிமா பார்க்கலாமா, பொட்டு வைக்கலாமா என்று ஆண்டுக்கணக்கில் விவாதிக்கும் சபைகள், வீட்டுப் பணிப்பெண்ணின் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதபோது அந்த ஏளனம் இன்றும் பொருந்துகிறது. ஆகவே, அளவுகோல் ஒன்றுதான்: இந்தச் சிறிய செயலால் எவரேனும் ஒருவர் ஏமாறுகிறாரா, இழக்கிறாரா?

சரி, தவறிவிட்டால்? இங்கே கிறிஸ்தவ மரபு தரும் விடை நடைமுறைக்கு உகந்தது. எரிகோ நகரின் தலைமை வரிவசூலிப்பாளர் சகேயு, மனம் மாறியபோது கண்ணீரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்னார். திருமுழுக்கு யோவானிடம் வரிவசூலிப்போரும் படைவீரரும் வழி கேட்டபோது, அவர் வேலையை விடச் சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் வாங்காதீர்கள், மிரட்டிப் பறிக்காதீர்கள் என்றார். மன்னிப்பு கேட்பது பாதி. எடுத்ததைத் திருப்பித் தருவது மறுபாதி. பாவசங்கீர்த்தனத்தில் முன்பாதியை மட்டும் முடித்துவிட்டு வருவது நம் பழக்கமாகிவிட்டது.

ஒரு முன்சீப்பின் முன்மாதிரி

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்போருக்கு ஒருவரை நினைவூட்ட விரும்புகிறேன். 1826-இல் திருச்சியை அடுத்த குளத்தூரில் பிறந்த வேதநாயகம் பிள்ளை ஒரு கத்தோலிக்கர். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879-இல் வெளியிட்டவராக அவரை அறிவோம். ஆனால், அவர் வாழ்நாளின் பெரும்பகுதி நீதிமன்றத்தில் கழிந்தது. ஆவணக் காப்பாளராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகி, முன்சீப்பாக உயர்ந்து, மாயூரத்தில் மட்டும் 13 ஆண்டுகள் பணியாற்றினார். கைக்கூலி மலிந்திருந்த நீதித்துறைச் சூழலில், அவர் 1859-இல் வெளியிட்ட 'நீதிநூல்' கைக்கூலிக்கென்றே ஓர் அதிகாரத்தை ஒதுக்கியது. சட்டம் அறியாத மக்கள் இடைத்தரகரிடம் ஏமாறக் கூடாது என்று நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து வெளியிட்டார். தாது வருடப் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்தார்.

அவர் தம் சமயத்தைப் பறைசாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. சைவரான கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து பாடினார். தம் சமயத்தவர்க்கு அப்பாலும் மதிக்கப்பட்டதற்கு, அவர் கையாண்ட வழக்குகளும் கோப்புகளும் கஞ்சித்தொட்டியுமே காரணம். ஒரு சமயத்தின் மெய்ம்மையை அயலார் அளப்பது அதன் கோபுர உயரத்தை வைத்தன்று. அதைப் பின்பற்றுவோரின் கடையில் எடை சரியாக இருக்கிறதா என்பதை வைத்தே.

தமிழகத்தில் கிறிஸ்தவர்கள் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நடத்துகிறார்கள். அலுவலகங்களிலும் ஆலைகளிலும் பொறுப்பான இடங்களில் இருக்கிறார்கள். அவர்களது சாட்சியம் அங்கேதான் சோதிக்கப்படுகிறது: கற்பிக்காமல் நிரப்பப்படும் வகுப்புப் பதிவேட்டில், தேவையற்ற மருத்துவப் பரிசோதனைச் சீட்டில், தாமதிக்கப்படும் துப்புரவுப் பணியாளரின் ஊதியத்தில், திருமண விளம்பரத்தில் விசுவாசத்துக்கு அடுத்த வரியில் கேட்கப்படும் சாதியில். இவை எவையும் செய்தியாவதில்லை. எவருக்கும் தண்டனை கிடைப்பதில்லை. அதனாலேயே இவற்றைத் திருத்தும் அதிகாரம் முழுவதும் நம் கையில் இருக்கிறது.

நாளைக் காலை நம் மேசைக்கு ஒரு பதிவேடு வரும். அதில் உள்ளது உண்மையா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கையொப்பமிடுவோம். உண்மையில்லையெனில், அதைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவோம். அறவாழ்வு தொடங்க அந்த ஒரு நிமிடம் போதும்.